மிளகாய்ப் பழ அழுகல்: கிளைப்படம் சொல்வதும் சொல்லாததும்

மிளகாய் ஆந்த்ரக்னோஸ் நோய் பற்றி இந்தியாவில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நோய்க்காளானின் மரபணு வேறுபாடு, நோயுண்டாக்கும் திறனில் உள்ள வேறுபாடு என்று பெரும்பாலும் தலைப்பிலேயே இரண்டும் இருக்கும். பத்துப் பதினைந்து படித்த பிறகு சுருக்கத்தின் கடைசி வரியில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. மரபணு அடிப்படையில் பிரித்த குழுக்களுக்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று முடித்திருப்பார்கள். ஏன் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வராது. தொடர்பு இல்லாததே காளானைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு மாதிரி அச்சாகிவிடும்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான நேரங்களில் அது காளானைப் பற்றிய தகவல் அல்ல, அளந்த கருவியைப் பற்றிய தகவல். நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் இந்தக் கட்டுரைகளின் பாதி, 0/1 அட்டவணை, தூரக் கணக்கு, கிளஸ்டரிங் என்று எங்கள் தெருவுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பாதியைப் பற்றித் தயங்காமல் பேசுவேன். மீதிப் பாதியை அந்தத் துறைக்காரர்களே எழுதியதை வைத்துப் பேசுகிறேன்.

முதலில் நோய். பழுத்த மிளகாயில் வட்டமாக, கொஞ்சம் குழிந்த புள்ளி. அதற்குள் வளையம் வளையமாகக் கறுப்புப் பொட்டுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பொட்டுகளில் முள் மாதிரி மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இதே காளான் குடும்பம் கிளை நுனியிலிருந்து காய வைக்கவும் செய்யும், அதை நுனிக்கருகல் என்கிறோம். விதையோடு வரும், மழைத்துளி தெறித்துப் பரவும். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, தை மாசிக்கு மேல் பழம் பறிக்கிறவர்களுக்குப் பழுக்கும் நேரத்தில் தப்பி வரும் ஒரு மழை போதும். பறிக்கும்போது நன்றாக இருந்த பழம் களத்தில் காயப்போட்ட பிறகு வெளுத்துப் புள்ளி விழுந்து கிடக்கும். வெளுத்த வத்தலுக்கு என்ன விலை போடுவார்கள் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் கிடைத்தால் அது நேராகக் காசு. அந்த ரகத்தைத் தேர்ந்தெடுக்க எந்தக் காளானை வைத்துச் சோதிப்பது என்பதை முடிவு செய்யத்தான் இந்த வேறுபாடு ஆய்வுகள் எல்லாம்.

சமையல் குறிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஐந்தாறு மாவட்டங்களில் நோய்ப்பட்ட பழங்களைச் சேகரிப்பது. ஒவ்வொன்றிலிருந்தும் காளானைப் பிரித்து வளர்ப்பது (இப்படிப் பிரித்து வளர்த்ததை ஐசொலேட் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்). முப்பது ஐசொலேட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தட்டில் வளரும் வேகம், நிறம், வித்துகளின் நீள அகலம் அளப்பது. ஒரே ஒரு மிளகாய் ரகத்தின் பழத்தில் ஊசியால் குத்தி வித்துக் கரைசலை வைத்து, எத்தனை சதவீதம் அழுகியது என்று பார்த்து, குறைந்த வீரியம், நடுத்தரம், அதிக வீரியம் என்று மூன்று கூடையில் போடுவது. பிறகு ஆர்ஏபிடி முறையில் டிஎன்ஏ பட்டைகள் எடுத்து ஒரு கிளைப்படம் வரைவது. கடைசியில் கூடைகளும் கிளைகளும் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்ப்பது.

ஆர்ஏபிடி 1990இல் வந்த முறை. பத்து எழுத்து நீளமுள்ள சிறு டிஎன்ஏ துண்டு ஒன்றைப் போட்டால், அது மரபணுத் தொகுப்பில் எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் நகல் எடுத்து, ஜெல்லில் பட்டைகளாகக் காட்டும். காளானைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. அந்தக் காலத்துக்கு அது வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டும் வெப்பநிலை 36 டிகிரி சுற்றுவட்டாரம். இவ்வளவு தளர்வாக ஒட்டவிட்டால், மெஷின் மாறினாலும் டிஎன்ஏவின் தரம் மாறினாலும் பட்டை மாறும். இரண்டு ஐசொலேட்டில் ஒரே உயரத்தில் நிற்கும் பட்டைகள் ஒரே துண்டுதான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதை விடவும் என்னை உறுத்துவது கிளைப்படம்தான். யுபிஜிஎம்ஏ என்ற முறையில் பெரும்பாலும் வரைகிறார்கள். எதைக் கொடுத்தாலும் மரம் வரைந்து தருவது அந்த முறையின் குணம். உறவே இல்லாத தரவைக் கொடுத்தாலும் அது "இங்கே மரம் இல்லை" என்று சொல்லாது. நீங்களே செய்து பார்க்கலாம், பைத்தானில் பதினைந்து வரி. 30 ஐசொலேட், 100 பட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் நாணயம் சுண்டி 0 அல்லது 1. ஜக்கார்ட் ஒற்றுமையின் சராசரி 0.33 என்று வரும். (இருவரிடமும் பட்டை இருக்க வாய்ப்பு கால்வாசி, ஒருவரிடமாவது இருக்க முக்கால்வாசி, ஆக மூன்றில் ஒன்று.) ஆனால் 30 ஐசொலேட்டில் 435 ஜோடிகள் இருப்பதால், சில ஜோடிகள் தற்செயலாகவே 0.45ஐத் தாண்டும், சில 0.2 வரை இறங்கும். அதை யுபிஜிஎம்ஏவிடம் கொடுத்தால் அழகான மரம். வசதியான இடத்தில் ஒரு கோடு கிழித்தால் நான்கைந்து கொத்துகள். அச்சில் பார்த்தால் நாணயம் சுண்டியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஊர்வாரியான ஒற்றுமைக் கதையும் அப்படித்தான். ஆறு மாவட்டம், மாவட்டத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஐசொலேட்டுக்கு மிக நெருங்கிய பங்காளி அதே மாவட்டத்துக்காரனாக அமைய, சும்மாவே 29இல் 4 வாய்ப்பு. முப்பது பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு அப்படி அமைந்துவிடும். அந்த நான்கைக் காட்டி, நிலப்பரப்பு சார்ந்த குழுக்கள் ஓரளவு தெரிகின்றன என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். இதைச் சோதிக்க வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மேன்டெல் சோதனை 1967இல் வந்தது, கிளைகளின் நம்பகத்தை அளக்கும் பூட்ஸ்ட்ராப் 1985இல், மாறுபாட்டைக் குழுவாரியாகப் பிரிக்கும் அமோவா 1992இல். நான் படித்தவற்றில் பலவற்றில் இதில் ஒன்றுகூட இல்லை. 0/1 அட்டவணையும் இணைப்பில் இல்லை. மரம் படமாக மட்டும் இருக்கிறது. படத்தை வைத்து மறுபடி கணக்குப் போட முடியாது.

சரி, மரம் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் பெயரில் இருக்கிறது.

இந்தக் காளானை 1913இல் சைடோ விவரித்தார், கோயம்புத்தூர் மிளகாயிலிருந்து. வெர்மிக்குலேரியா கேப்சிசி என்று பெயர் வைத்தார். 1931இல் பட்லரும் பிஸ்பியும் அதைக் கொலெட்டோடிரைக்கம் கேப்சிசி ஆக்கினார்கள். பல தலைமுறை வேளாண் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் மனப்பாடம் செய்தார்கள். 2009இல் டாம் தலைமையிலான குழு, வளைந்த வித்துள்ள இனங்களை டிஎன்ஏ வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கேப்சிசி தனி இனம் இல்லை, அது கொலெட்டோடிரைக்கம் ட்ரங்கேட்டம்தான் என்றது. ட்ரங்கேட்டம் என்பது 1832இல் ஷ்வைனிட்ஸ் விவரித்த பழைய காளான், அவரை, மொச்சை வகையறாச் செடிகளில் நன்கு தெரிந்தது. ஆக, நம் ஊர்க் காளான் என்று நாம் நினைத்திருந்தது நூற்றுக்கணக்கான செடிகளில் குடியிருக்கும் ஒரு நாடோடி. மிளகாயில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, ஒரு மாவட்டத்தின் வேறுபாட்டை அளந்துவிட்டோம் என்று சொல்வது எப்படி? வரப்பில் நிற்கும் பயற்றஞ்செடியில் என்ன இருந்தது?

வளையாத, நேரான வித்துள்ளவற்றின் கதை இன்னும் குழப்பம். கிளியோஸ்போரியாய்டிஸ் என்று ஒரே பெயரில் எழுதிவந்ததை 2012இல் 22 இனங்களாகப் பிரித்தார்கள். அக்யூட்டேட்டம் என்றதை அதே ஆண்டு 31 ஆக்கினார்கள். 2019இல் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, தாய்லாந்து, தைவான் மிளகாய்களிலிருந்து 260 ஐசொலேட்டுகளை ஆராய்ந்த ஒரு குழு, மூன்று புதிய இனங்களுக்கே பெயர் வைக்க வேண்டி வந்தது. கிளியோஸ்போரியாய்டிஸ் கூட்டத்துக்குள் இனம் பிரிக்க, எல்லோரும் வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்ற ஒரே ஒரு டிஎன்ஏ பகுதி போதாது. நான்கைந்து மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது பழைய கிளைப்படங்களுக்குத் திரும்புங்கள். "இனத்துக்குள் மிக அதிக வேறுபாடு" என்று கொண்டாடப்பட்ட மரங்களில் சில, உண்மையில் இரண்டு மூன்று இனங்களை ஒரே பெயரில் கட்டிய மூட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டையும் மாட்டையும் ஒரே தொழுவத்தில் கட்டிவிட்டு, இந்த இனத்தில் கொம்பு எவ்வளவு விதவிதமாக இருக்கிறது என்று வியப்பது போல.

இது பெயர் வைப்பவர்களின் சண்டை மட்டும் என்று தள்ளிவிட முடியாது. அக்யூட்டேட்டம் கூட்டத்துக் காளான்கள் கார்பென்டாசிம் வகை மருந்துக்கு கிளியோஸ்போரியாய்டிஸ் கூட்டத்தைவிட மசிவது குறைவு என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தட்டில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். எது என்று தெரியாமல் பரிந்துரை எழுதினால், விவசாயி மருந்துக் கடையில் காசு கொடுத்து, டேங்க் டேங்காக அடித்து, பலனில்லாமல் அடுத்த மருந்துக்குப் போவார். மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவார். அதுவும் சில சமயம் உண்மையாக இருக்கும் என்பது வேறு விஷயம்!

பெயரும் சரி, மரமும் சரி என்றால்கூட தொடர்பு தெரிய வேண்டுமா? இங்கேதான் மிளகாயை விட்டுக் கொஞ்ச நேரம் தக்காளிக்குப் போக வேண்டும். காரணம், மரபணு வேறுபாடும் நோய்த்திறனும் எப்படி இணைகின்றன என்பதைக் காய்கறிக் காளான்களில் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய சில இடங்களில் ஒன்று தக்காளி வாடல் நோய்.

அதை உண்டாக்குவது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற மண்ணில் வாழும் காளான். தக்காளியில் ஐ என்ற எதிர்ப்பு மரபணுவைக் காட்டுத் தக்காளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதை மீறும் ரேஸ் 2 அமெரிக்காவின் ஓஹையோவில் 1945இல் பதிவானது. ஐ-2 மரபணுவைக் கொண்டுவந்தார்கள். அதையும் மீறும் ரேஸ் 3 ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வந்தது, 1982இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு ஐ-3. பிறகு மூலக்கூறு அளவில் தோண்டியபோது தெரிந்தது இது: ரேஸ் 1இடம் ஏவிஆர்1 என்ற மரபணு இருக்கிறது, அதை ஐ அடையாளம் காண்கிறது. ரேஸ் 2இடம் அந்த மரபணுவே இல்லை, தூக்கி எறிந்துவிட்டது. ரேஸ் 3இடம் ஏவிஆர்2 இருக்கிறது, ஆனால் அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஐ-2க்கு அது கண்ணில் படாது. நோயுண்டாக்கும் வேலையை மட்டும் அது வழக்கம்போலச் செய்துகொண்டிருக்கும்.

கோடிக்கணக்கான எழுத்துள்ள தொகுப்பில் ஒரு எழுத்து. நூறு ஆர்ஏபிடி பட்டைகளில் அது விழ வாய்ப்பு என்ன? இல்லை என்றே சொல்லலாம். கலிபோர்னியா ஐசொலேட்டுகளை ஆராய்ந்தவர்கள் 2003இல், அங்கே வந்த ரேஸ் 3 வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளூர் ரேஸ் 2இலிருந்தே கிளம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இருக்கும் உடன்பிறப்புகள் வேறு வேறு ரேஸ். தூரத்துக் கிளைகளில் இருப்பவை ஒரே ரேஸாக இருக்கலாம்.

2010இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்தக் காளானின் 15 குரோமோசோம்களில் சில, இடம்பெயரக்கூடியவை. அவற்றில் 14ஆம் குரோமோசோம், தக்காளிக்குத் தீங்கே செய்யாத ஒரு ஃபியூசேரியத்துக்குள் போனதும், அது தக்காளியை வாட்டும் காளானாக மாறிவிட்டது. வம்சம் மாறவில்லை, ஆயுதம் மாறிவிட்டது. முழுத் தொகுப்பையும் சராசரியாகத் தடவிப் பார்க்கும் எந்த மார்க்கரும் வம்சத்தைத்தான் சொல்லும், ஆயுதத்தைச் சொல்லாது. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு சர்வரில் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டிலும் ஒரே கடவுச்சொல்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது.

மிளகாய்க் காளானிலும் இதே ஏற்பாடுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கொலெட்டோடிரைக்கத்தின் வாழ்க்கை முறை வேறு, வேர் வழியாக அல்ல, பழத்தோல் வழியாக நுழைகிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: வம்சத்தை அளக்கும் கருவியால் ஆயுதத்தைத் தேடி, கிடைக்கவில்லை என்று எழுதுவதில் தகவல் எதுவும் இல்லை. "தொடர்பு இல்லை" என்பது தொடங்கும் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டிய விடை.

மறுபக்கத்தில், நோய்த்திறனை அளந்த விதம். ஒரே ரகம், ஒரே நிலைப் பழம், ஊசிக் குத்து, ஒரு எண். இதிலிருந்து வரும் "அதிக வீரியம்" என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களைக் கலக்குகிறது. எந்தப் பூட்டைத் திறக்கும் என்பது ஒன்று. உள்ளே நுழைந்த பின் எவ்வளவு வேகமாகச் சுருட்டும் என்பது வேறொன்று. ஒரே ஒரு பூட்டு இல்லாத வீட்டில் முப்பது திருடர்களை விட்டுப் பார்த்தால் இரண்டாவதுதான் தெரியும். ரகம் உருவாக்குகிறவர்களுக்கு வேண்டியது முதலாவது. அதற்கு வெவ்வேறு எதிர்ப்பு மரபணு உள்ள பல மிளகாய்களை வரிசையாக வைத்துச் சோதிக்க வேண்டும். ஊசியால் குத்தும்போது பழத்தோல் என்ற முதல் கதவையும் நாமே திறந்துவிடுகிறோம் என்பதையும் கவனியுங்கள். சில ரகங்களின் எதிர்ப்பே அந்தத் தோலில் இருக்கலாம்.

தாய்லாந்தில் 2009இல் இதைச் சரியாகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். பல கேப்சிகம் இனங்களைச் சேர்ந்த மிளகாய்களின் மேல் கேப்சிசி ஐசொலேட்டுகளைச் சோதித்து, அவற்றை மூன்று நோய்வகைகளாகப் பிரித்தார்கள். நம் ஊர் அன்னூம் மிளகாய்களில் எல்லாமே நோயுண்டாக்கிவிடும். பிபிசி 932 போன்ற சைனென்ஸ் இன மிளகாயில்தான் சாயம் வெளுத்தது, சில ஐசொலேட்டுகளால் அதைத் தொட முடியவில்லை. அதே வட்டாரத்து ஆராய்ச்சியாளர்கள் அதே ஆண்டு வெளியிட்ட இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. முற்றிய பச்சைக் காயில் எதிர்ப்பைத் தரும் மரபணுவும் பழுத்த பழத்தில் தரும் மரபணுவும் வேறு வேறு. இரண்டுமே ஒடுங்கு தன்மை கொண்டவை. நாற்றுக்கு மூன்றாவதாகத் தனியாக ஒன்று. பச்சைக் காயில் தப்பிய ரகம் பழத்தில் விழலாம். பச்சை மிளகாயாகப் பறித்து விற்பவருக்கு ஒரு ரகம், வத்தலுக்காகப் பழுக்க விடுபவருக்கு வேறு ரகம் என்று போக வேண்டியிருக்கலாம். இப்படியிருக்க, சோதித்த பழம் பச்சையா சிவப்பா என்றுகூடக் குறிப்பிடாத கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். ரகத்தின் பெயருக்குப் பதிலாக "உள்ளூர் ரகம்" என்று போட்டிருந்ததும் உண்டு. முண்டா, சம்பாவா?

அந்தச் சோதனையில் "அதிக வீரியம்" பட்டம் வாங்கிய ஐசொலேட்தான் பிறகு ரகத் தேர்வுக்குப் போகிறது. அதற்குத் தாங்கும் ரகம் எதிர்ப்புத்திறன் உள்ளது என்று பெயர் வாங்குகிறது. அந்த ஐசொலேட் வேகமாகச் சுருட்டும், ஆனால் எளிய பூட்டை மட்டும் திறக்கத் தெரிந்ததாக இருந்தால்? மெதுவாகச் சுருட்டும், ஆனால் எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒன்று "குறைந்த வீரியம்" கூடையில் கிடந்து, குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போயிருக்கும்.

ஆய்வு மாணவர்களைக் குறை சொல்வது சுலபம், அதனால் ஒரு வார்த்தை. இவற்றில் பல முதுகலை ஆய்வேடுகளிலிருந்து வந்தவை. கையில் இருப்பது இரண்டு வருடம், அதில் நோய் வரும் பருவம் ஒன்றோ இரண்டோ. வரிசைப்படுத்தக் காசு இல்லை, முந்தைய மாணவர் வாங்கிவைத்த ஆர்ஏபிடி பிரைமர் பெட்டி இருக்கிறது. அவர்கள் வெயிலில் வயல் வயலாகப் போய் மாதிரி எடுத்த உழைப்பு நிஜம். எனக்குக் கோபம் அந்த உழைப்பு வீணாவதில்தான். முப்பது ஐசொலேட்டை ஒரு ரகத்தில் சோதிக்கும் அதே பழ எண்ணிக்கையில், பத்து ஐசொலேட்டை மூன்று ரகத்தில் சோதிக்கலாம். முப்பதுக்கும் பட்டை எடுக்கும் செலவில், அந்தப் பத்துக்கு இரண்டு மூன்று மரபணுப் பகுதிகளை வெளியில் கொடுத்து வரிசைப்படுத்தி, இனம் என்ன என்றாவது ஓரளவு உறுதி செய்யலாம். ஐசொலேட்டைக் காளான் சேகரிப்பகம் ஒன்றில் ஒப்படைத்தால், பத்து வருடம் கழித்து வேறொருவர் முழுத் தொகுப்பையும் படித்துக்கொள்வார். அட்டவணையை ஒரு சிஎஸ்வி கோப்பாக இணைப்பதற்குச் செலவே கிடையாது.

பழைய ஆய்வேடுகளின் 0/1 அட்டவணை, எந்த ஊர் ஐசொலேட் என்ற குறிப்போடு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். எக்செல், கையெழுத்துப் பக்கத்தின் போட்டோ, எதுவானாலும் சரி. மேன்டெலும் பூட்ஸ்ட்ராப்பும் நானே ஓட்டி, முடிவை உங்களுக்கே முதலில் அனுப்புகிறேன்.